படகில் இல்லாத ராஜா

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பித்துத்தான் பழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். நம் மர அறுவை மில்லுக்குத் தடி ஏற்றி வருகிற லாரி டிரைவர், அந்த மீசைக்காரர், போன வாரம் வீடு தேடி வந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கிடங்கில் உன்னைப் பார்த்தாராம். கூப்பிட்டதற்கு நீ காது கேட்காத மாதிரி நடந்தாயாம். "உங்க பையன்தான்மா, நடையைப் பார்த்தாலே தெரியாதா" என்று சொல்லி, கிடங்கின் பெயரை ஒரு டீசல் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போன் நம்பரை நீ மாற்றிவிட்டாய். கடிதமாவது கைக்கு வரும் என்று எழுதுகிறேன்.

முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது, போலீஸ் விவகாரம் முடிந்துவிட்டது. விபத்து என்றே எழுதி மூடிவிட்டார்கள். லோடுமேன்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். தடிகளைக் கட்டியிருந்த லாரிச் சங்கிலியின் கொக்கியைத் தட்டுவதற்கு முன்னால் நீ இரண்டு தடவை "அந்தப் பக்கம் ஆள் இருக்கா" என்று கத்தினாய். பதில் வரவில்லை, தட்டினாய். தடிகள் உருண்டு விழுவதற்காகத் தரையில் போட்டிருந்த கட்டைகள் கோணலாக இருக்கிறதென்று சின்னவன் அந்த நேரம் பார்த்து லாரியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். தடிகள் அவன்மேலேயே உருண்டுவிட்டன. அவனை யாரும் போகச் சொல்லவில்லை. எது கோணலாக இருந்தாலும் உன் தம்பிக்குக் கை சும்மா இருக்காது. சாப்பிடும்போது என் தட்டைக்கூட நேராகத் திருப்பி வைப்பானே.

அடக்கம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள் விடிந்தபோது நீ இல்லை. உன் மனைவி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அவர் செருப்பைக் காணோம் அத்தை" என்று மட்டும் சொன்னாள். உன் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே, குற்றம் இல்லாதவன் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டார். கையைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. அந்த மட்டில் ஒரு நிம்மதி.

அப்பா மில்லுக்குப் போவதில்லை. படுத்தே இருக்கிறார், சுவர்ப் பக்கம் திரும்பி. தட்டை வைத்தால் எழுந்து நாலு வாய் சாப்பிடுவார், மறுபடி சுவர்தான். அந்தச் சுவரில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அதற்கும் "ம்" என்றார். முதலாளி ஒருமுறை வந்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்.

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். வேறு எவனாவது அந்தக் கொக்கியைத் தட்டியிருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அவன் தலைமுறையையே சபித்திருப்பேன். எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இப்போது சபிக்க வாயைத் திறந்தால் எதிரே நீ நிற்கிறாய். உன்னை நினைத்து அழ உட்கார்ந்தால் அவன் வந்துவிடுகிறான். இரண்டு பேருக்கும் தனித்தனியாக அழக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

உன் மனைவி வழக்கம்போல ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் வருகிறாள். சாயங்காலம் வந்ததும் சின்னவனின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவனும் அவளும் சேர்ந்து ஆடுவார்களே அந்த விளையாட்டைப் போடுகிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன் மகளிடம் அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறோம். பொய் இல்லையே, வேலைக்குத்தானே போயிருக்கிறாய்.

ஒரு வரி எழுது. இருக்கிறேன் என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இதை நிதானமாக, கடைசி வரைக்கும் படி.

அந்த விளையாட்டை நீ அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பாய். எனக்கு அதிலிருந்து வரும் சத்தம் மட்டும்தான் பழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிச் சீருடைக் கால்சட்டைகளை மடித்துத் தைத்துக்கொண்டே, மருமகள் ஆடுவதை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். குளிர் நாடு. கடலும் பனியும். மரத்தாலேயே கட்டிய நீளமான ஒரு மண்டபம், நடுவில் நெருப்பு. நம் மில்லில் அறுக்கிற தடியைவிடப் பெரிய தூண்கள். தலைவன் தன் ஆட்களுக்குத் தங்க வளையங்களைக் கழற்றிக் கொடுக்கிறான். அவர்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உனக்காக நான் இன்னதைச் செய்வேன் என்று சபை நடுவே சொல்கிறார்கள். சொல்லிவிட்டால் பின்வாங்கக் கூடாது. தலைவன் களத்தில் விழுந்து கிடக்க, ஒருவன் மட்டும் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஊர் திரும்பினால் அவன் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்களாம்.

எவன் உட்கார்ந்து இதையெல்லாம் கட்டிவிட்டான் என்று கேட்டேன். மருமகள் சொன்னாள், "கட்டிவிட்டது இல்லை அத்தை. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால ஜெர்மானியக் குலங்கள்னு இருந்தாங்க. அவங்க வீரப் பாட்டுல இருந்துதான் இந்த மாதிரி விளையாட்டுக்கெல்லாம் எடுக்கிறாங்க. புதையலைக் காவல் காக்கிற பறக்குற பாம்பு, வாளுக்குப் பேரு வைக்கிறது, எல்லாம் அங்கேருந்துதான். தம்பிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தான்."

வாளுக்குப் பெயர் என்றதும் எனக்குப் பல்லழகி ஞாபகம் வந்துவிட்டது. மில்லில் அப்பா ஓட்டுகிற பெரிய ரம்பத்துக்கு அவன் வைத்த பெயர். "ரம்பத்துக்கு என்னடா பேரு, அது என்ன உன் மாமன் மகளா" என்று அப்பா முதலில் கத்தினார். ஒரே மாதத்தில் அவரே, "இன்னைக்குப் பல்லழகிக்குச் சாணை பிடிச்சதுல நேரமாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றார். அதை நினைத்து மருமகளும் நானும் சிரித்தோம். அவன் போன பிறகு இந்த வீட்டில் சிரித்தது அன்றுதான். சிரித்த கையோடு அடுத்தது வந்தது.

விளையாட்டில் அவள் போய்ச் சேர்ந்த மண்டபத்தில் நெருப்பு அணைந்திருந்தது. ஒரு கிழ ராஜா படுக்கையில் கிடந்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் நின்ற வேலையாள் கதையைச் சொன்னான். ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் படகில் சண்டைக்குப் போனார்கள். கடல்மேல் ஒரே பனிமூட்டம், கையை நீட்டினால் விரல் தெரியாது. சின்னவன் எதிரியின் படகுக்குத் தாவிவிட்டான். பெரியவன் தங்கள் படகைக் காத்து நின்றான். தண்ணீரிலிருந்து ஒரு கை வந்து படகின் விளிம்பைப் பிடித்தது. எதிரி ஏறுகிறான் என்று பெரியவன் கோடாலியால் வெட்டினான். அதற்குப் பிறகுதான் அந்தக் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தான்.

அந்த ஜனங்களுக்கு ஒரு நியாயம் உண்டாம். நம் ஆளை ஒருவன் கொன்றால் அவனைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு விலை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்யாமல் விட்டால் செத்தவனுக்கு அவமானம். இந்த ராஜா என்ன செய்வான்? பழி தீர்த்தால் மிச்சமிருக்கிற பிள்ளையும் போய்விடும். விலை வாங்கலாம் என்றால் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் பெட்டியிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அவன் படுத்துவிட்டான். பெரிய பிள்ளை மண்டபத்துக்கு வெளியே பனியில் நிற்கிறான். உள்ளே வராதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

மருமகள் அதை அணைக்கப் போனாள். அப்போது பின்னாலிருந்து, "இரும்மா. அப்புறம் என்ன ஆகுது" என்று குரல் வந்தது. அப்பா. எப்போது எழுந்தார், எவ்வளவு நேரமாகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆடுறவங்க மூணு வழியில போகலாம் மாமா. வெளிய நிக்கிறவனைக் கொல்லலாம். ராஜாகிட்ட பொன்னைக் கொண்டுபோய்க் குடுத்துப் பார்க்கலாம். எதுவும் வேணாம்னு கிளம்பிடலாம். தம்பி மூணுலயும் போய்ப் பார்த்துட்டான். எப்படிப் போனாலும் ராஜா செத்துடுறான்னு சொன்னான்."

"ராஜா எழுந்து வாசலுக்குப் போற மாதிரி இல்லையா?" என்று அப்பா கேட்டார்.

"அப்படி ஒண்ணு வைக்கலை மாமா. அவங்களுக்கு விதின்னா விதிதான். நேரா நின்னு வாங்கிக்கிறதுதான் வீரம்."

அப்பா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு, "அந்த ராஜாவுக்கு ஒரு வசதி. அவன் அந்தப் படகுல இல்லை" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ரம்பத்தை ஓட்டினவன் நான். அந்தச் சத்தத்துல பெரியவன் கத்தினது எனக்கும் கேட்கலை, சின்னவனுக்கும் கேட்கலை. லாரி அவிழ்க்கிறப்போ ரம்பம் நிக்கணும்னு மில்லுல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நான்தான். அன்னைக்குத் தடி பாதி அறுந்திருந்துச்சு. முடிச்சுட்டு நிறுத்திக்கலாம்னு விட்டுட்டேன். பெரியவன் ரெண்டு தடவை கத்தினான்னு ஸ்டேஷன்ல சொன்னப்போதான் எனக்கே தெரியும்."

இதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் பிள்ளை இதைத் தனி ஒருவனாகத் தலையில் சுமந்துகொண்டு எங்கேயோ அலைகிறான், நீங்கள் இதை வாயில் அடக்கிக்கொண்டு இத்தனை நாளும் படுத்திருந்தீர்களா என்று கேட்டேன். இரண்டு நாள் தட்டை வைத்தேனே தவிர முகம் பார்க்கவில்லை. மருமகள்தான், "விடுங்க அத்தை, அவரும் பெத்தவர்தானே" என்றாள்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் நீ பக்கத்தில் போனபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதை நானும் பார்த்தேன். அதை மனதில் வைத்துத்தானே நீ போனாய். உன்மேல் கோபம் என்று நானும்தான் நினைத்தேன். உன்னைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று முகச்சவரம் செய்துகொண்டார். கன்னமெல்லாம் கீறல். துறைமுகத்துக்கு எந்த ரயில் போகிறது என்று மருமகளிடம் விசாரித்தார். வருகிற வெள்ளிக்கிழமை புறப்படுகிறார். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வேறு எங்கேயும் போய்விடாதே. அங்கேயே இரு, அவர் வந்து சேரும் வரைக்கும்.

அன்புடன்,
அம்மா

*

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா வீடு வந்து சேர்ந்தார்.

நடந்தது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவரைக்கும் எழுதுகிறேன், ஏதாவது தப்பாக இருந்தால் எழுதித் திருத்து. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை என்பதால் அவர் எதிரே டயர் கடை ஓரமாக நின்றிருக்கிறார். ஷிப்டு விட்டதும் கூட்டத்தோடு நீ வந்தாய். அவரைப் பார்த்தாய். நின்றாய். அவர் கையைத் தூக்கியிருக்கிறார். நீ திரும்பி உள்ளே போய்விட்டாய்.

அவர் கேட் பூட்டும் வரைக்கும் நின்றார். மறுநாளும் போய் நின்றார். வாட்ச்மேன்தான் பரிதாபப்பட்டு ஒரு டீயைக் கையில் கொடுத்து, "பெரியவரே, அந்த ஆளு பின்பக்கமாப் போயிட்டான். வீட்டுக்குப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இளைச்சிருக்கான். இடது கையில கட்டுப் போட்டிருக்கான்" என்றார். கையில் என்ன? அதையாவது எழுது.

கணக்குத் தீர்க்க வந்தார் என்று நினைத்துவிட்டாயா? என் கடிதங்களை நீ பிரித்தே பார்க்கவில்லையோ என்றும் தோன்றுகிறது. அப்படியானால் இதையும் பிரிக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன், வேறு என்ன செய்வது.

உன் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சொன்னதையெல்லாம் அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டாள். வெளியே வந்து சொன்னாள், "தம்பி போனதுக்கு அவர்மேல எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை அத்தை. மாமாவையே அங்க நிக்க வெச்சுட்டுப் போனாரே, அதை என்னால தாங்க முடியலை. பொண்ணும் ஒருநாள் போய் அப்படி நிக்கணுமா?" பரிசோதனை நிலையத்தின் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள். கிடைத்துவிடும் போலிருக்கிறது. மாதக் கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாள். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பேன்? அந்த விளையாட்டை அதற்குப் பிறகு அவள் போடவே இல்லை.

அப்பா மறுபடி மில்லுக்குப் போகிறார். ரம்பத்தைத் தொடுவதில்லை. உன் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், லாரி அவிழ்க்கிற வேலையை. இந்த வயதில் எதற்கு என்று முதலாளி சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. லாரி வந்தால் முதலில் ரம்பத்தை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்புகிறாராம். நின்ற பிறகு தானே லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு சுற்று. வேலை தாமதமாகிறது என்று முதலாளி முணுமுணுக்கிறார், ஆனால் நேரில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கொக்கியைத் தட்டும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார் என்று லோடுமேன்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். போயும் போயும் அந்த வேலையை எதற்காகக் கேட்டு வாங்கினீர்கள் என்று கேட்டேன். "அவன் கையில அது எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்" என்றார்.

சின்னவனின் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே துணியில் வெட்டித் தைத்தேனே, அந்தக் கோடு போட்ட சட்டை, அது உன்னிடம் இருக்கிறதா? அவனுடையது இருக்கிறது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அப்பா கேட்டார். தோளில் பெரிதாக இருந்தது. பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுத மாட்டேன். மன்னிக்கிற மாதிரி நீ எதுவும் செய்யவில்லை. அதற்காக எனக்கு வலிக்கவில்லை என்றும் எழுத முடியாது. உன் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு அவன் முகமும் வரும், அது என் ஆயுசு வரைக்கும் இருக்கும். அப்படியே பார்க்கிறேன். பழகிக்கொள்கிறேன்.

அப்பா அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் மறுபடி அங்கே வருகிறார். தைத்த அந்தக் கோடு போட்ட சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவார், தூரத்திலிருந்து பார்த்துப் பயந்துவிடாதே. அதே டயர் கடை ஓரமாகத்தான் நிற்பார். நீ மறுபடியும் பின்பக்கமாகப் போனால் அதற்கடுத்த மாதமும் வருவார். நான் சொன்னாலும் நிறுத்த மாட்டார். கால் வீங்குகிறது, ரயிலில் உட்கார இடம் கிடைப்பதில்லை, எதையும் கேட்பதாக இல்லை.

அவர் வந்தால் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார். என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் பேச வேண்டும் என்றுகூட இல்லை. ரோட்டைத் தாண்டி வந்து பக்கத்தில் நில். ஒரு தடவை கூப்பிடு. அவரை அப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் இனி ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது.

கையைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா